பாவசங்கீர்த்தனம் பண்றது எப்படி: ரங்கூன்ல புதுசா கோயிலுக்கு வர்றவங்களுக்கு

எங்க கத்தோலிக்க கோயில்ல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் புதுசா வர்றவங்களுக்கு ஒரு மணி நேரம் ஞானோபதேச கிளாஸ் எடுப்போம். வர்றவங்கள்ல சில பேர் கல்யாணம் கட்டி இந்தப் பக்கம் வந்தவங்க, சில பேர் சின்ன வயசுல ஞானஸ்நானம் வாங்கிட்டு இருபது வருஷமா கோயில் படியே மிதிக்காதவங்க. எல்லாரும் கடைசியில ஒரே கேள்விக்குத்தான் வர்றாங்க, பாவசங்கீர்த்தனம்னா செஞ்ச பாவத்த சாமியார்கிட்ட சொல்லி மன்னிப்பு வாங்குறது, சரி, அவர்கிட்ட போயி என்னத்த சொல்றது, எப்படி ஆரம்பிக்கிறது, பயமா இருக்குங்க. எனக்கும் அந்த பயம் இருந்துச்சு, அதனால தெரிஞ்சத வரிசையா எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். நீங்க இன்னும் ஞானஸ்நானம் வாங்கலைன்னா பாவசங்கீர்த்தனம் உங்களுக்கு இப்ப கிடையாது, தேவையும் இல்ல, ஞானஸ்நானத் தண்ணியே அதுவரைக்கும் உள்ள எல்லா பாவத்தையும் கழுவிடும். வேற சபையில முறையா ஞானஸ்நானம் வாங்கிட்டு கத்தோலிக்க சபைக்கு வர்றவங்க மட்டும் சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பண்ணணும். மெத்தடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபையில இருக்கிறவங்க ராப்போஜனத்துக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை ஜெபம் சொல்லுவாங்க, மத்தபடி நேரா ஆண்டவர்கிட்டயே சொல்லிடுவாங்க, மனசு ரொம்ப பாரமா இருந்தா பாஸ்டர்கிட்ட போவாங்க. எங்க அம்மா வழி மெத்தடிஸ்ட்டுதான். கீழ எழுதுறதுல தொட்டிக்குள்ள, அதாவது சாமியார் உக்காந்து பாவத்த கேக்குற கூண்டுல, நடக்கிறத விட்டுட்டா மிச்சம் எல்லாமே அவங்களுக்கும் ஆகும்.

இப்ப மனந்திரும்புறதுங்கிற வார்த்தைக்கு வருவோம். பர்மாக்காரங்க பைபிள்ல மனந்திரும்புங்கன்னு வர்ற எடத்துல நௌந்தான்னு போட்டிருக்கும், 1813ல இங்க வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் மொழிபெயர்த்த பைபிள்லயே அப்படித்தான். நௌந்தான்னா பின்னாடி வர்ற வருத்தம், ஐயோ இப்படிப் பண்ணிட்டேனேங்கிறது. நம்ம தமிழ்ல மனந்திரும்புறதுன்னு சொல்றோம், அதுல திரும்புறது இருக்கு பாருங்க, போன வழிய விட்டுட்டு திரும்பி வர்றது. ரெண்டும் வேணும், ஆனா வருத்தத்தோட நின்னுட்டா என்ன ஆகும்னு இயேசுவ காட்டிக்கொடுத்த சீஷன் யூதாச பார்த்தா தெரியும். மத்தேயு 27ம் அதிகாரத்த நிதானமா படிச்சுப் பாருங்க. யூதாசு மனஸ்தாபப்பட்டான், குற்றமில்லாத ரத்தத்த காட்டிக்கொடுத்தேன்னு வாய் விட்டு ஒத்துக்கிட்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான், அதாவது நாம பண்ணணும்னு சொல்றதுல முக்கால்வாசி அவன் பண்ணிட்டான். ஆனா யாருக்குத் துரோகம் பண்ணினானோ அவர்கிட்ட மட்டும் திரும்பிப் போகல. இன்னொரு சீஷர் பேதுரு, இயேசுவ மூணு தடவை தெரியாதுன்னு மறுதலிச்சவர், அவர் அழுதார், அப்புறம் கரையில இயேசு நிக்கிறார்னு கேட்டதும் படகுலேர்ந்து தண்ணியில குதிச்சு அவர்கிட்டயே போனார். எனக்குத் தெரிஞ்சு முழு விஷயமும் அந்தக் குதிக்கிறதுலதான் இருக்கு. ஒத்துக்கிறது, சரி பண்றது, அப்புறம் மன்னிப்பக் கையில வாங்கிக்கிற வரைக்கும் ஓடாம அங்கயே நிக்கிறது. நம்மள்ல நிறைய பேர் முதல் படியிலயே திரும்பி வந்துடுறோம்.

நம்ம ஊர்ல வளர்ந்தவங்களுக்கு இது ஒண்ணும் புதுசும் இல்ல. தடிஞ்சு விளக்குப் பண்டிகையப்ப ஸ்கூல்ல வாத்தியாருக்கும் வீட்டுல பெரியவங்களுக்கும் கடோ பண்ணியிருப்பீங்க, கைகூப்பி தரையில விழுந்து, காயகம் வஸிகம் மனோகம், உடம்பால வாயால மனசால செஞ்ச குத்தத்த எல்லாம் பொறுத்துக்கங்கன்னு கேக்குறது. பூசை ஆரம்பத்துல நாம சொல்றத கவனிங்க, என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும், அதே மூணுதான். கூட ஒண்ணு வரும், கடமையில் தவறியதாலும். செய்ய வேண்டியத செய்யாம விட்டதும் கணக்குல உண்டு. கடோல நாம எதையும் பேர் சொல்லிச் சொல்றதில்ல, மொத்தமா கேட்டுக்கிறோம், அது மரியாதை. பாவசங்கீர்த்தனத்துல பேர் சொல்லணும். அதுதான் பெரிய வித்தியாசம், அதுதான் கஷ்டமும்.

சரி, எப்படித் தயாராகுறது. பழைய ஞானோபதேசத்துல அஞ்சு காரியம்னு சொல்லிக் குடுப்பாங்க, பாவத்த நினைச்சுப் பார்க்கிறது, மனஸ்தாபப்படுறது, இனிமே செய்ய மாட்டேன்னு பிரதிக்கினை, குருகிட்ட வெளிப்படுத்துறது, அவர் குடுக்குற அபராதத்த தீர்க்கிறது. இந்த வரிசை நல்ல வரிசை, மாத்தாதீங்க.

நினைச்சுப் பார்க்கிறதுக்கு முதல் நாள் ராத்திரி ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. நான் கரண்ட் போற நேரமாப் பார்த்து உக்காருவேன், ஒரு மெழுகுவத்தி போதும், போனும் சார்ஜ் இல்லாம அமைதியா கெடக்கும். பத்துக் கட்டளைய ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டு இதுல நான் எங்க நிக்கிறேன்னு கேளுங்க. மறந்துடுவோம்னு பயமா இருந்தா ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக்கலாம் தப்பில்ல, ஆனா முடிஞ்சதும் கிழிச்சு அடுப்புல போட்டுடுங்க, போன்ல டைப் பண்ணி வைக்காதீங்க, வீட்டுல புள்ளைங்க எடுத்துப் பார்க்கும். சாவான பாவம், அதாவது தெரிஞ்சே மனசார செஞ்ச பெரிய பாவமா இருந்தா, என்ன செஞ்சோம், சுமாரா எத்தனை தடவைன்னு ரெண்டும் சொல்லணும். அற்பப் பாவம்னு சொல்ற சின்னப் பாவத்த சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, சொன்னா நல்லது.

இங்க என் கதைய சொல்லிடுறேன், ஏன்னா பேர் சொல்றதுன்னா என்னன்னு நான் இப்படித்தான் கத்துக்கிட்டேன். எனக்கு இருபத்திரெண்டு வயசு, ஒரு பருப்பு மண்டியில வேலை. உளுந்தும் துவரையும் மூட்டை மூட்டையா வரும், கப்பல்ல இந்தியாவுக்குப் போகும், தமிழ்நாட்டுல பர்மா உளுந்துன்னு சொல்றாங்கல்ல அதுதான். மூட்டையக் குத்தூசியால குத்தி சாம்பிள் எடுக்கிறது என் வேலை. ஒரு கைப்பிடி எடுத்தாப் போதும், நான் ரெண்டு மூணு எடுப்பேன், மிச்சத்த ஒரு பைல சேர்த்து வச்சு மாசக் கடைசியில வெளிக்கடையில வித்துடுவேன், ரெண்டு வருஷம் இப்படி ஓடுச்சு. சாம்பிள் எல்லாருந்தான் எடுக்கிறாங்க, கீழ சிந்துறதுதானேன்னு மனசுக்கு ஒரு சமாதானம் வேற. அப்புறம் வேலைய விட்டுட்டு வேற எடம் போயிட்டேன். பல வருஷம் கழிச்சு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனப்ப, சாமி சின்னச் சின்ன திருட்டு பண்ணியிருக்கேன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குத் தாவப் பார்த்தேன். சாமி விடல. என்ன திருட்டு, யாருகிட்ட, எவ்வளவு நாளா, அவ்வளவுதான் கேட்டார், குரல் கூட ஒசத்தல. எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. முதலாளியோட உளுந்து சாமி, ரெண்டு வருஷமா சாமின்னு சொன்னப்பத்தான் அது என் காதுலயே முதல் தடவையா விழுந்துச்சு. அதுவரைக்கும் என் மனசுக்குள்ள அதுக்கு திருட்டுன்னு பேரே வைக்கல நான்.

அதனால உங்களுக்கும் அதத்தான் சொல்றேன். ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்கன்னு சொல்றதுல தப்பே வெளியில வரல. கோவப்பட்டேன்னு சொல்றதுக்குப் பதிலா என் சம்சாரத்த புள்ளைங்க முன்னாடி கை நீட்டி அடிச்சேன்னு சொல்லுங்க. பொய் சொன்னேன்னு சொல்றதுக்குப் பதிலா தங்கச்சிக்கு வர வேண்டிய பங்க மறைச்சேன்னு சொல்லுங்க. அதே நேரம் கதை வேணாம், அவ அப்படிப் பேசினா அதான் நான் இப்படிப் பண்ணினேன்னு அடுத்தவங்க பாவத்தையும் சேர்த்துச் சொல்லிக்கிட்டு இருக்க வேணாம்.

மனஸ்தாபம்னா அழுகை வரணும்னு இல்ல. சில பேருக்கு வரும், சில பேருக்கு கல்லு மாதிரி இருக்கும், கல்லா இருந்தாலும் போங்க. பண்ணினது தப்பு, பண்ணாம இருந்திருக்கணும், ஆண்டவரோட அன்புக்கு இது பொருந்தாதுன்னு மனசு ஒத்துக்கிட்டா அது போதும். பிரதிக்கினையும் அப்படித்தான், மறுபடி விழுவேனோன்னு பயம் இருக்கலாம், ஆனா விழணும்னு திட்டம் இருக்கக் கூடாது. சீட்டாட்டத்த விடுறேன்னு சொல்லிட்டு அடுத்த சனிக்கிழமைக்கு கூட்டாளிகிட்ட வர்றேன்னு சொல்லி வச்சிருந்தா அது பிரதிக்கினை இல்ல.

இப்ப தொட்டிக்கு. நம்ம பெரியவங்க பாவசங்கீர்த்தனத் தொட்டின்னுதான் சொல்லுவாங்க. எப்ப சாமி உக்காருவார்னு கோயில்ல கேட்டுக்கங்க, அனேகமா பூசைக்கு முன்னாடி உக்காருவார், ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தபசு காலத்துல கூட்டம் இருக்கும் கொஞ்சம் முன்னாடியே வாங்க. முழங்கால் போட முடியாதவங்க உக்காந்து சொல்லலாம். சிலுவை அடையாளம் போட்டுக்கிட்டு, சாமி, பாவியா இருக்கிற என்ன ஆசீர்வதிங்க, நான் கடைசியா பாவசங்கீர்த்தனம் பண்ணி இத்தனை வருஷம் ஆச்சுன்னு ஆரம்பிங்க. முதல் தடவைன்னா முதல் தடவைன்னே சொல்லுங்க, எனக்கு எப்படின்னு தெரியாது சாமி நீங்களே கேளுங்கன்னு சொன்னா அவர் கேட்டுக் கூட்டிட்டுப் போவார். பெரிய பாவத்த முதல்ல சொல்லிடுங்க. கடைசியில சொல்லிக்கலாம்னு வச்சா தொண்டையில மாட்டிக்கும், நிறைய பேர் அத முழுங்கிட்டு எந்திரிச்சு வந்துடுறாங்க. தெரிஞ்சே ஒரு சாவான பாவத்த மறைச்சா மொத்த பாவசங்கீர்த்தனமும் ஆகாது. நிஜமாவே மறந்து போனா கவலை வேணாம், அதுவும் சேர்த்து மன்னிக்கப்பட்டாச்சு, ஆனா அது சாவான பாவமா இருந்து பின்னாடி ஞாபகம் வந்தா அடுத்த தடவை சொல்லிடணும்.

பாஷை ஒரு பிரச்சனை, மறைக்காம சொல்லணும். தமிழ் தெரிஞ்ச சாமியார் எல்லா நேரமும் கிடைக்க மாட்டார், பர்மாக்கார சாமியார்கிட்டதான் பெரும்பாலும் போகணும், வயசானவங்களுக்கு பஜார் பர்மீஸ் வரும் ஆனா மனசுல உள்ளத சொல்ற பர்மீஸ் வராது. தெரிஞ்ச சின்ன வார்த்தையிலயே சொல்லுங்க, திருடினேன், அடிச்சேன், பொய் சொன்னேன், அது போதும் அவருக்குப் புரியும். முடியவே இல்லைன்னா மொழிபெயர்த்துச் சொல்ற துபாஷி மாதிரி ஒருத்தர வச்சுச் சொல்லவும் சபைச் சட்டம் அனுமதிக்குது, அந்த ஆளும் ரகசியம் காக்கணும்னு அதே சட்டத்துல இருக்கு. சாமியாரப் பத்தி சொல்லவே வேணாம், அங்க கேட்டத அவர் போலீஸ், கோர்ட்டு, பிஷப்பு யாருகிட்டயும் சொல்ல முடியாது, நேரடியா வெளியிட்டா அந்த நிமிஷமே சபைக்குப் புறம்பாயிடுவார், அவ்வளவு பெரிய தண்டனை. போன்லயோ வைபர்லயோ பாவசங்கீர்த்தனம் செல்லாது, நேர்ல போகணும். எவ்வளவு நாளைக்கு ஒரு தடவைன்னு கேக்குறாங்க. சாவான பாவம் இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவையாவது கட்டாயம், இது 1215ல பிஷப்புங்க கூடின லாத்தரான் சங்கத்துலேர்ந்து இருக்கிற ஒழுங்கு. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை குளிக்கிற மாதிரி அது, மாசத்துக்கு ஒண்ணு வச்சுக்கங்க.

சொல்லி முடிச்சதும் சாமி ரெண்டு வார்த்தை புத்தி சொல்லுவார், அபராதம் குடுப்பார், நீங்க மனஸ்தாப மந்திரம் சொல்லணும், என் சர்வேசுரா சுவாமின்னு ஆரம்பிக்கிறது. மனப்பாடம் இல்லைன்னா சொந்த வார்த்தையில சொல்லுங்க, இல்ல அட்டையப் பார்த்துப் படிங்க. அப்புறம் அவர் கைய நீட்டி மன்னிப்பு குடுப்பார், அந்த நேரம் தயவுசெஞ்சு வேற எதையும் நினைக்காம கேளுங்க, நிறைய பேர் அடுத்து எந்திரிக்கிறது எப்போங்கிற யோசனையில அத கேக்குறதே இல்ல. பேதுரு குதிச்சு வந்து கேட்டது அதத்தான். அபராதம் அருள் நிறை மரியேன்னா வெளிய போறதுக்கு முன்னாடியே பெஞ்சுல உக்காந்து முடிச்சிடுங்க, நாளைக்கின்னு வச்சா மறந்துடும். மன்னிக்கப்பட்ட பாவத்தையே திரும்பத் திரும்பக் கொண்டுபோற பழக்கமும் சில பேருக்கு இருக்கு, மனசு ஆறலைன்னு. அப்படி இருந்தா ஒரே சாமியார்கிட்ட போயி அவர் சொல்றத கேளுங்க.

ஆனா திருடினவனுக்கு காரியம் அங்கயே முடிஞ்சிடாது. பாவம் போயிடுச்சு, உளுந்து போகல. சாமி எங்கிட்ட, பொருள் சொந்தக்காரருக்குப் போயி சேரணும்னு சொல்லிட்டார். பைபிள்ல வர்ற வரி வசூலிக்கிற சக்கேயு மாதிரி நாலு மடங்குன்னு கேக்கல, எடுத்தத குடுன்னார். நான் மூணு தடவை அந்த மண்டிக்குப் போயி டீ குடிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம வந்தேன். இங்க ஆனாடேன்னு ஒண்ணு இருக்கே, அடுத்தவங்களுக்கு சங்கடம் குடுக்கக் கூடாதுங்கிற கூச்சம், நல்ல குணந்தான், ஆனா மன்னிப்பு கேக்கப் போற எடத்துல அது நம்ம காலப் பிடிச்சு இழுத்துடும். பாவம் பெரியவர், இப்ப போயி இதச் சொல்லி அவர் மனச ஏன் கெடுக்கணும்னு எனக்கே நான் சொல்லிக்கிட்டேன். அவருக்காக இல்ல, எனக்காகத்தான் அந்த ஆனாடே. நாலாவது தடவை சொல்லிட்டேன். அவர் நிமிந்து கூடப் பார்க்கல, பேரேட்டுலயே கண்ணு, கணக்கு போட்டியான்னு கேட்டார். போட்டேன் முதலாளி, நூத்தி எம்பது வீசை வருதுன்னேன், கிலோவுல சொன்னா இருநூத்தி தொண்ணூறுக்கு மேல, கிட்டத்தட்ட அம்பது கிலோ மூட்டைக்கு ஆறு. காசா வேணாம் உளுந்தாவே கொண்டான்னார். அதுல நியாயம் இருந்துச்சு, 2021 ஆரம்பத்துல டாலருக்கு 1300 சில்லறையா இருந்த கியாட்டு வெளி மார்க்கெட்டுல 4000 தாண்டிடுச்சே, நான் அன்னைக்கு வித்த காச திருப்பிக் குடுத்தா அரை மூட்டை கூட வராது. ஏழு மாசம் ஆச்சு எனக்கு. மன்னிச்சிட்டேன்னு அவர் ஒரு தடவை கூட சொல்லல. ஆறாவது மூட்டைய எறக்கினப்ப தராசுல போட்டுப் பார்த்தார், அப்புறம் மாடத்துல இருந்த குத்தூசிய எடுத்து எங்கையில குடுத்து, நீயே சாம்பிள் எடுன்னார்.

எல்லாரும் அப்படி ஏத்துக்க மாட்டாங்க, கதவ சாத்துறவங்களும் உண்டு. உங்க பங்க நீங்க செஞ்சிட்டா அவங்கள நெருக்காதீங்க, நான்தான் கேட்டுட்டேனே ஏன் மன்னிக்க மாட்டேங்கிறேன்னு சண்டைக்குப் போறது இன்னொரு பாவம். அதே மாதிரி உங்களுக்கு ஒருத்தர் கொடுமை பண்ணியிருந்தா, குடிச்சிட்டு அடிக்கிற புருஷனா இருக்கட்டும் யாரா இருக்கட்டும், மன்னிக்கிறதுன்னா திரும்ப அந்த வீட்டுக்குள்ள போயி அடி வாங்குறதுன்னு அர்த்தமில்ல. மனசுல பழிய விடுறது வேற, பாதுகாப்பா தள்ளி இருக்கிறது வேற, ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம். 2017 நவம்பர் 29ந்தேதி போப் பிரான்சிஸ் இங்க சைக்கசான் மைதானத்துல பூசை வச்சப்ப, பழிவாங்குற வழி இயேசுவோட வழி இல்லன்னு பிரசங்கத்துல சொன்னார், இந்த நாட்டுல காயம் பட்டவங்க எத்தனை பேர்னு தெரிஞ்சுதான் சொன்னார். அதுக்கப்புறம் பட்ட காயம் இன்னும் பெருசு, அதனால யாரையும் நான் சீக்கிரமா மன்னிச்சிடுங்கன்னு அவசரப்படுத்துறதில்ல.

கடைசியா கிளாஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி, யாருக்குத் தப்பு பண்ணினேனோ அவங்க செத்துட்டா, ஊர விட்டுப் போயிட்டா என்ன பண்றது. வாரிசு இருந்தா வாரிசுக்கு, தேடியும் யாரும் கிடைக்கலைன்னா ஏழைகளுக்கு, செத்தவங்களுக்காக பூசை. ஆனா முதல்ல தேடணும். எங்க தெருவுல ஒரு தாத்தா, எம்பது தாண்டினவர், இத புள்ளைங்களுக்குச் சொல்லுன்னு அவரே எங்கிட்ட சொன்னதால எழுதுறேன். 1964ல நம்ம ஜனங்க பர்மாவ விட்டு இந்தியாவுக்கு கப்பல் ஏறினப்ப நகைநட்டு கொண்டு போக விடல, பக்கத்து வீட்டு ஆத்தா ஒரு ஜோடி கம்மல இவங்க அம்மாகிட்ட குடுத்து வச்சிட்டுப் போச்சு. ரெண்டு வருஷத்துல இவரு அத எடுத்து வித்து சீட்டாட்டத்துல விட்டுட்டார். அம்மா கேட்டப்ப திருடன் வந்துட்டான்னு சொல்லிட்டார். அறுபது வருஷம் கழிச்சு பாவசங்கீர்த்தனத்துல சொன்னப்ப சாமி, அந்தக் குடும்பத்த தேடிப் பாருங்கன்னார். சொந்தக்காரங்க மூலமா விசாரிச்சு விசாரிச்சு தமிழ்நாட்டுல ஒரு பர்மா காலனியில அந்த ஆத்தாவோட பேத்தி இருக்குன்னு தெரிஞ்சுச்சு. நான்தான் வைபர்ல வீடியோ போட்டுக் குடுத்தேன். தாத்தா கைய கூப்பிக்கிட்டே எல்லாத்தையும் சொன்னார், திருடன் வரலம்மா, நான்தான் வித்தேன், இப்ப என்ன விலையோ அத மாசாமாசம் அனுப்பிடுறேன்னார். அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் பேசல, லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன். அப்புறம், எங்க அப்பாயி போட்டோ கூட எங்ககிட்ட கிடையாது தாத்தா, அந்தக் கம்மல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டுச்சு. ஏழு கல்லு கம்மல்மா, எல்லாம் சிவப்பு, இடது காதுல கீழ் கல்லு மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கும்னார். இருங்க, ஒரு பேனா எடுத்துட்டு வர்றேன், இன்னொரு தடவை சொல்லுங்கன்னுச்சு.